புழுவின் கொழுப்பும் நம்ம பருத்தியும்

சொந்தக்காரப் பிள்ளை ஒருத்தி இளங்கலை விலங்கியல் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். ஆனைக்குட்டத்தில் நம்ம தோட்டத்துக்கு வந்தவள், "தாத்தா, பூச்சி உடம்புல கொழுப்பு எப்படிச் சேருது, எந்த ஜீன் அதை நடத்துதுன்னு புராஜெக்ட் பண்றேன்" என்றாள். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஈயோட கொழுப்பைப் படிச்சா மழை பெய்யுமா?" என்றார் ஒருவர். நம் இயக்கத்து நண்பர் ஒருவருக்கோ ஜீன் என்றதுமே முகம் சுருங்கிப் போனது. இருவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பூச்சிக்கு நம்மைப்போல் தனியாகக் கல்லீரல் கிடையாது. உடம்புக்குள் பரவிக் கிடக்கும் கொழுப்புத் திசுதான் அதற்குக் கல்லீரலும் குதிரும். புழுவாக இருக்கையில் தின்று சேர்த்ததை வைத்துத்தான் கூட்டுப்புழு ஒன்றுமே தின்னாமல் அந்துப்பூச்சியாகிறது. பாலைவன வெட்டுக்கிளி கடல் தாண்டிப் பறப்பதும் அந்தக் கொழுப்பை எரித்துத்தான். பேங்கில் இருந்தவன் கண்ணுக்கு அது சேமிப்புக் கணக்கு.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 60 வருஷங்களுக்கும் முன்பே வினிஃப்ரட் டோன் என்ற மாணவி, கொழுத்த பழ ஈக்களைக் கவனித்தார். பட்டினி போட்டால் மற்ற ஈக்களைவிட அவை அதிக நாள் தாங்கின. காரணமான ஜீனுக்கு 'அடிபோஸ்' என்று பேர். 2007-ல் டெக்சாஸ் ஆய்வாளர்கள், அதே ஜீன் எலியிலும் கொழுப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார்கள். மாணவி பார்த்த ஈ வீண் போகவில்லை.

நமக்கு இதில் என்ன? இளஞ்சிவப்புக் காய்ப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பகுதி, கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு விதைக்குள்ளேயும் காய்ந்த காய்க்குள்ளேயும் மாதக்கணக்கில் தூங்கும். அடுப்புக்கு ஆகுமென்று வரப்போரம் நாம் அடுக்கி வைக்கிற பருத்திமாறுதான் அதற்கு வீடு. அடுத்த பருவம் பூ பிடிக்கையில் எழுந்து வரும். எந்த வயதில், எவ்வளவு கொழுப்புச் சேர்ந்தபின் புழு தூங்கப் போகிறது என்று தெரிந்தால், மாறை எப்போது பிடுங்கணும், ஆட்டை எப்போது மேயவிடணும் என்று நாள் குறிக்கலாம். மருந்துச் செலவே இல்லாத வேலை அது.

ஜீனைப் படிப்பது வேறு. ஜீனை மாற்றிய விதையை நம் தலையில் கட்டுவது வேறு. 2002-ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2010-லேயே குஜராத்தில் இந்தப் புழு முதல் தலைமுறை பி.டி.க்கு அடங்கவில்லை என்று விதைக் கம்பெனியே ஒத்துக்கொண்டது. புழுவின் போக்கை முழுசாகப் படிக்காமல் ஒரே ஆயுதத்தை நம்பியதன் பலன் அது. இதைச் சொல்கிற நாமே படிப்பை வெறுத்தால், அந்த அறிவு முழுக்கக் கம்பெனி கைக்குத்தான் போகும்.

அதனால் இந்தப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். கல்லூரிகளும் புராஜெக்டை ஆய்வகப் பாட்டிலோடு முடித்துவிடாமல் நம்ம காட்டுக்கு அனுப்பட்டும். ஒரே ஒரு நிபந்தனை: கண்டதைத் தமிழில், களத்துமேட்டில் உட்கார்ந்து எங்களுக்கும் சொல்லணும். அந்தப் பிள்ளை சரி என்றாள். புழு விழுந்த காய் ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்திருக்கிறேன்.