கச்சான் காற்றும் கொழுந்தின் மணமும்

ஆனி, ஆடி மாதங்களில் கல்முனைக் கரையோரத்தில் வாழ்வோர்க்குக் கச்சான் காற்றை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க. யான் கூறுவது மேற்கே மலைப்புறத்திலிருந்து புறப்பட்டு, வயல்வெளிகளைக் கடந்து வந்து, எம் வீட்டுக் கதவுகளை அறைந்து சாத்தும் வரண்ட காற்றையே. அது வீசத் தொடங்கினால் உதடு வெடிக்கும். கிணற்று நீர் தாழும். வாழையிலை நார் நாராகக் கிழியும். வகுப்பறையிற் பிள்ளைகள் ஒரு கையாற் கொப்பியை அழுத்திக்கொண்டே மறு கையால் எழுதுவர். இக்காற்றை வாழ்த்தி வரவேற்றவர் எவரையும் எம்மூரில் யான் கண்டதில்லை.

ஆசிரியர் பயிற்சியை முடித்து, முதல் நியமனம் பெற்றுப் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றபோதுதான் இக்காற்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மனிதரும் உளர் என்பதை அறிந்தேன். தேயிலைத் தொழிற்சாலையிற் பணியாற்றிய முதியவர் ஒருவர், ஒரு நாள் மாலை எனக்கு வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுத்தார். சீனியும் பாலும் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, முதலில் முகர்ந்து பார்க்கச் சொன்னார். புதினாவோ பூவோ என்று பிரித்தறிய இயலாத குளிர்ந்த மணம் ஒன்று எழுந்தது. “காற்று வந்துவிட்டது, சேர், இது வராவிட்டால் எங்கள் தேயிலைக்குப் பெயரே இல்லை” என்றார் அவர். எம்மூரார் ஏசுகின்ற கச்சானை அவர் விருந்தாளியைப்போலப் பேசியது எனக்குப் பெருவியப்பாயிருந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தால் வியப்பு மேலும் பெருகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசுகின்ற தென்மேல் பருவக்காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் நீரையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. பின் அப்புத்தளை, எல்ல முதலிய கணவாய்களின் வழியே கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஈரமிழந்து, வெம்மை பெற்று, ஊவா மலைகளைத் தடவிச் செல்கிறது. பகலிலே வெயிலும் உலர்காற்றும், இரவிலே குளிர்ச்சியும் மாறிமாறி வருத்த, தேயிலைச் செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. கொழுந்து சிறுக்கிறது. ஆனால், வருத்தமுற்ற செடி தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுச் சில மணப்பொருள்களை மிகுதியாகச் சுரக்கிறது. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேற்று. மூட்டு நோவுக்கு நாம் பூசுகின்ற தைலங்கள் பலவற்றில் மணப்பதும் அதுவே. யூலை முதல் செப்டெம்பர் வரை கிள்ளப்படும் ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்கு அப்பொருள் ஒரு முக்கிய காரணமாகும்.

திம்புள்ளைப் பகுதியின் மேற்குச் சரிவுகளுக்கோ இந்நற்பருவம் சனவரி முதல் மார்ச் வரை வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்று கிழக்கிலே மழை பொழிந்துவிட்டு, உலர்ந்து அப்பக்கம் இறங்குவதே அதற்குக் காரணம். ஒரு மலைக்கு மழை தரும் காற்றே மறுமலைக்கு மணந் தருகிறது. ஊவாவைக் கடந்த கச்சான் ஈற்றில் எம்மை வந்தடைகிறது. அக்காற்று வாட்டும் எம் சிறுபோக வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாவும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிலேதான் பிறக்கிறது. ஆகவே, மலையகத்தின் காலநிலை நமக்கு அயலார் செய்தி அன்று.

காலநிலையின் இக்கைவண்ணத்தை நன்குணர்ந்து, அதற்குப் பெயரிட்டு மதித்த தேசம் ஒன்றுண்டு. அது பிரான்சு. அந்நாட்டின் திராட்சை மது எம்மார்க்கத்தவர்க்கு விலக்கப்பட்ட பொருள். அதன் சுவை பற்றிப் பேச யான் உரியனல்லேன். ஆயினும், அதன் போத்தலில் ஒட்டப்படும் தாளைப் படிப்பதற்குத் தடையில்லை. அத்தாளில் தோட்டத்தின் பெயரோடு பழம் பறிக்கப்பட்ட ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரே நிலம், ஒரே கொடி, ஒரே உழவன். எனினும் ஓராண்டின் மது மற்றோராண்டின் மதுவைப் போன்றதன்று என்பதே அதன் பொருள்.

வசந்தத்திலே உறைபனி விழுந்தால் தளிர் கருகும். பூக்கும் வேளையில் மழை பெய்தாற் பிஞ்சு பிடிக்காது. அறுவடைக்கு முன் பெருமழை பெய்தாற் பழம் நீர்த்து அழுகும். கோடை மட்டுமீறிக் கொதித்தால், 2003 ஆம் ஆண்டிற் போல, இனிப்பு மிகுந்து புளிப்பு அருகிவிடும். அளவான வரட்சியும், வெயிற்பகலும், குளிரிரவும் கூடிவந்த ஆண்டிலோ பழம் சிறுத்து, தோல் தடித்து, சாறு செறியும். போர்தோப் பிரதேசத்தில் 1961 ஆம் ஆண்டு மே மாதத்து உறைபனி விளைச்சலைப் பெரிதுங் குறைத்தது. பின்வந்த வரண்ட வெங்கோடை எஞ்சிய பழத்தைச் செறிவித்தது. அளவிற் சிறுத்த அவ்வாண்டு, தரத்தில் அந்நூற்றாண்டின் தலைசிறந்த ஆண்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. துன்பமெல்லாம் நன்மையாகும் என்று கூறவும் இயலாது. 1956 பெப்ரவரி உறைபனி அதே பிரதேசத்திற் கொடிகளையே கொன்றது. 2021 ஏப்பிரில் உறைபனி விளைச்சலைப் பறித்துக்கொண்டு கைம்மாறு எதுவும் தரவில்லை. அளவோடு வந்த துன்பமே மணமாகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1883 இற் கொழும்பிலே தேயிலை ஏலம் தொடங்கிற்று. ஏலத்தில் அமரும் சுவைஞர்க்கு ஊவாவின் ஆகஸ்டுத் தேயிலை எது, நவம்பர்த் தேயிலை எது என்பது நன்கு தெரியும். விலையும் அதற்கேற்ப ஏறும். யப்பானியர் அதனைத் தேடி வாங்குகின்றனர். ஏற்றுமதியாளர் சிலர் பருவத்தைக் குறித்தும் விற்கின்றனர். ஆனால், நம் ஊர்க் கடையில் வாங்கும் பொதியிற் சிங்க முத்திரை இருக்கும். சில வேளை பிரதேசப் பெயரும் இருக்கும். பருவத்தின் பெயரைத் தேடினாற் பெரும்பாலும் கிடையாது. மணமுள்ளதும் மணமற்றதும் ஒன்றாகக் கலந்து, ‘தேயிலை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

நாள்தோறும் ஒரே சுவையை மக்கள் வேண்டுவதாலேயே கலக்கிறோம் என வணிகர் கூறுவர். அது நியாயமான விடையே. பிரான்சிலும் சம்பாஞ் செய்வோர் பெரும்பாலும் பல ஆண்டுச் சாற்றைக் கலந்தே விற்கின்றனர். ஆயினும், சிறந்த ஆண்டு ஒன்று வாய்த்தால் அதனைத் தனியே பிரித்து ஆண்டுப் பெயரிட்டு விற்கவும் அவர்கள் தவறுவதில்லை. அன்றாடத் தேத்தண்ணீருக்குக் கலவை இருக்கட்டும். நற்பருவத்துக் கொழுந்துக்கு அதன் மாதமும் ஆண்டும் பொதியின் மேல் எழுதப்படட்டும். தேயிலை மதுவைப்போல நெடுங்காலம் வைத்துப் பேணத்தக்கதன்று. வைக்க வைக்க அதன் மணம் மங்கும். ஆதலால், ஆண்டைக் குறித்தல் நமக்குப் பெருமை மட்டுமன்று, நேர்மையுமாகும்.

இதனினும் பெரிய நேர்மை ஒன்று எஞ்சியிருக்கிறது. யான் கற்பித்த அந்த மலைப் பாடசாலையில் எப்பொழுதும் முன்வரிசையில் அமரும் சிறுமி ஒருத்தி, ஓர் ஆகஸ்டு மாதத்திற் கொப்பி வாங்க இயலாமற் பழைய கொப்பியின் ஓரங்களில் எழுதிவந்தாள். காரணம் வினவினேன். “அம்மாவுக்கு இந்த மாசம் அரைப்பேர்தான், சேர்” என்றாள். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று விதித்த நிறை சேராவிடின் முழு நாட்கூலி இல்லை, பாதியே எழுதப்படும், அதுவே அரைப்பேர். காற்றடிக்கும் வாரங்களிற் கொழுந்து சிறுத்துவிடும். காலை முதல் மாலை வரை நின்று கிள்ளினாலும் பை நிறையாது. அம்முதியவர் எனக்கு முகரத் தந்த மணமும், அச்சிறுமியின் தாய்க்குக் கிடைத்த அரைப்பேரும் ஒரே காற்றின் விளைவுகள் என்பதை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன், உறக்கம் வரவில்லை. மணத்துக்காக ஏலத்தில் விலை ஏறுகிறது. அம்மணத்தைக் கிள்ளியெடுத்த விரலுக்கோ நிறை குறைந்ததென்று கூலி குறைகிறது. தரத்தை விற்கும்போது மணத்தால் அளந்து, உழைப்பை வாங்கும்போது நிறையால் அளப்பது எந்த நீதிநூலுக்கும் ஒவ்வாது. நற்பருவ வாரங்களிலேனும் நிறைவிதியைத் தளர்த்தி, ஏறிய விலையில் ஒரு பங்கைப் பறித்தவர் கையிற் சேர்க்கவேண்டும் என்பது என் துணிபு.

இறுதியாக ஆசிரியன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். பர்கண்டியைச் சார்ந்த போன் நகரில் 1354 முதல் 2018 வரை ஆண்டுதோறும் திராட்சை அறுவடை தொடங்கிய நாள்களைத் திரட்டி, ஆய்வாளர் 2019 இல் வெளியிட்டனர். 1988 தொடக்கம் அறுவடை முன்னைய காலத்தினும் சராசரி 13 நாள் முந்திவிட்டது என்பது அவ்வேடுகளால் விளங்கிற்று. உலகு வெப்பமுறுவதை எழுதிவைத்த நாட்குறிப்பே காட்டிக் கொடுத்தது. எம் கச்சான் இவ்வாண்டு எந்நாளில் முதன்முதல் வீசிற்று? பத்தாண்டின் முன் எந்நாளில்? முதியோரை வினவினால் ஆளுக்கொரு விடை கிடைக்கும், ஏடு கிடையாது.

விழாக் காணும் இக்கல்லூரியின் பழைய மாணவர் கரையிலும் உளர், மலையிலும் உளர், கடல் கடந்தும் உளர். நம் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பியை ஒதுக்குவோம். காற்று வந்த நாளையும், மழை வந்த நாளையும், மலையிற் கொழுந்து மணக்கத் தொடங்கிய நாளையும் பிள்ளைகள் தம் கையால் எழுதட்டும். செலவு ஒரு கொப்பியும் ஒரு பேனாவுமே. அடுத்த விழா மலரில், அப்பிள்ளைகளுள் ஒருவர் அவ்வேட்டை விரித்து வைத்து, என்னினும் தெளிவாக இப்பொருளை எழுதுவார். அதுவரை, ஆடிக் காற்றில் கதவு அறையுந்தோறும் அதனை ஏசுவதை யான் குறைத்துக்கொண்டேன். கோப்பையைக் கையிலெடுக்குந்தோறும் அத்தாயின் நிறையாத பையை நினைத்துக்கொள்கிறேன். அன்பர்களும் அங்ஙனமே நினைக்கக் கடவர்.