முற்றத்தில் மாறும் வில்

வில் என்ற சொல்லைக் கேட்டவுடன் இராமனும் அர்ச்சுனனும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயின், வீட்டு முற்றத்தில் நிற்கும் காரின் பின்பாகத்தைத் தாங்குவதும் ஒரு வில்தான். ஏறியவர் எத்தனை பேர், பாதையிற் பள்ளம் எத்தனை என்று கேளாமல் அது பல்லாண்டு சுமக்கின்றது. சுமந்து சுமந்து அது தளர்ந்துபோனால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமா? இவ்வாரம் இதனை ஆராய்வோம்.

எல்லாக் கார்களுக்கும் ஒரே முறை பொருந்தாது. ஆகவே, நம் நாட்டினர் நன்கு அறிந்த மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இக்கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1971ஆம் ஆண்டுடன் இங்கிலாந்தில் இதன் உற்பத்தி முடிவுற்றது. இலங்கையிலோ அதற்கு ஓய்வு கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய கார்களைப் பேணிக் காக்கும் வழக்கத்தை நம்மவரிடையே வளர்த்துவிட்டன. 1990களில் பெற்றோலைக் காண்பதே அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில், பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திரார். அத்தகைய கார்கள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மொறிஸ் மைனரின் பின் அச்சுக்கு இருபுறமும் இரண்டு பட்டைவில்கள் உள்ளன. நீளம் குறைந்துகொண்டே போகும் உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டினால் பிணைத்தால் அதுவே பட்டைவில். குதிரை வண்டிகளுக்கு இத்தகைய வில்களை அமைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பார் 1804ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். பாரம் ஏறும்போது வில் நிமிர்கின்றது; இறங்கும்போது மீண்டும் வளைகின்றது. பாரம் இருமடங்கானால் வில் அசையும் அளவும் ஏறத்தாழ இருமடங்காகும். மாணவ நேயர்கள் பாடசாலையிற் படிக்கும் ஊக்கின் விதி இதுவே. றொபேட் ஹூக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்விதி, நாள்தோறும் நம் காரின் அடியில் மெய்ப்பிக்கப்பட்டு வருகின்றது.

ஆனால் மீள்தன்மைக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மிஞ்சிய பாரமும் ஓயாத அதிர்வும் வில்லின் வளைவைச் சிறிது சிறிதாக நிரந்தரமாகவே தாழ்த்திவிடும். பட்டைகளிடையே கறள் ஏறும். சில வேளை ஒரு பட்டை வெடித்தும் விடும். இதனை அறிவது எளிது. காரைச் சமதரையில் வெறுமையாக நிறுத்தி, டயர்களிற் காற்றைச் சமப்படுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து பாருங்கள். ஒருபுறம் தாழ்ந்திருந்தாலோ, இரவில் முன்விளக்கின் ஒளி பாதையை விட்டு மரக்கிளைகளை நாடினாலோ, வில்லைச் சோதிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது எனலாம். ஒரு வில் மட்டும் பழுதாயினும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நன்று. புதியதும் பழையதும் கூடினால் கார் சரிந்தே நிற்கும்.

இனி வேலைக்கு வருவோம். இவ்வேலையிற் கடினமானது எது? இறுகிய நட்டைக் கழற்றுவது என்பர் பலர். அன்று. நட்டு இன்று கழலாவிடின் நாளை கழலும். ஏறத்தாழ முக்கால் தொன் எடையுள்ள காரை அசையாமல் நிறுத்திவைப்பதே உண்மையான வேலை. ஜக் என்பது தூக்கும் கருவி. தாங்கும் கருவி அன்று. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் நுழைந்து உயிரிழந்தோர் உலகெங்கும் உளர். அவர்கள் அறியாதவர்கள் அல்லர். 'ஐந்து நிமிட வேலைதானே' என்று எண்ணியவர்கள்.

ஆகவே, மணற்றரையிலும் சரிவிலும் இவ்வேலையைத் தொடங்கற்க. சீமெந்துத் தரை வேண்டும். முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைப்பிரேக் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. அது பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். அவை தரையை விட்டு எழுந்ததும் அதனாற் பயனில்லை. சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொண்டு, பின்பு காரை உயர்த்துங்கள். அடிப்பாகத்திற் கறள் பிடிக்காத உறுதியான சட்டங்களின் கீழ் இரும்புத் தாங்கிகள் இரண்டை வைத்து, காரை அவற்றின்மேல் இறக்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் திடீரெனப் பிளப்பவை; அவற்றை அண்டவிடாதீர்கள். கழற்றிய சில்லைக் காரின் விளிம்பின் கீழ்ப் படுக்கவையுங்கள். தாங்கி தவறினாலும் அது ஓரளவு காக்கும். இறுதியாக, கீழே நுழையுமுன் காரைக் கையால் நன்கு அசைத்துப் பாருங்கள். விழுவதாயின் இப்பொழுதே விழட்டும். பிள்ளைகளை அயலில் விளையாட விடாதீர்கள்; வளர்ந்த ஒருவர் மட்டும் துணைக்கு நிற்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் மிகுதி வேலை பொறுமையைத்தான் கேட்கும். நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டுவைத்தல் நலம். ஒரு புறத்தை முற்றாக முடித்த பின்னரே மறுபுறத்தைத் தொடுங்கள். அதுவரை மற்ற வில் அச்சை அதன் இடத்திற் பிடித்திருக்கும். அச்சின் கீழ் ஜக்கை மெல்ல முட்டுக்கொடுத்து வையுங்கள். அச்சு தொங்கினால் பிரேக் குழாய் இழுபடும். ஷொக் அப்சோபரின் இணைப்பைக் கழற்றி, அச்சையும் வில்லையும் பிணைக்கும் யூ போல்ட்டுகளை நீக்கி, பின்முனையிலும் முன்முனையிலும் உள்ள இணைப்புகளை விடுவித்தால் வில் கீழே வந்துவிடும். அது பாரமானது, இருவராக ஏந்திக்கொள்ளுங்கள்.

புதிய வில்லை ஏற்றுமுன் அதன் முனைகள் பொருந்தும் இடங்களைத் தட்டிப் பாருங்கள். மொறிஸ் மைனருக்குக் கறள் பிடிக்கும் இடங்களில் இவை முதன்மையானவை. தகடு பொடிந்து உதிருமானால் அங்கேயே நிறுத்துங்கள். உளுத்த தூணிற் புது ஊஞ்சல் கட்டுவார் உண்டோ? முதலில் ஒட்டுவேலை செய்விக்க வேண்டும்.

இடம் நலமாயிருந்தால், புதிய இறப்பர் புஷ்களைச் சவர்க்கார நீர் தடவிச் செலுத்துங்கள். கிறீஸ் இறப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வில்லின் நடுப்போல்ட்டின் தலை, அச்சில் உள்ள துளைக்குள் சரியாக அமர்ந்ததா என்று பார்த்துப் புதிய யூ போல்ட்டுகளைப் பூட்டி, நான்கு நட்டுகளையும் மாறிமாறிச் சமமாக இறுக்குங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளைக் கார் உயரத்தில் நிற்கும்போது இறுதியாக இறுக்கலாகாது. இறப்பர் புஷ் சுழல்வதில்லை. முறுகிக்கொடுத்தே வேலை செய்கின்றது. வில் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் புஷ் முறுகியபடியே கிடந்து விரைவிற் கிழியும். ஆதலால் அவற்றை அளவாகப் பூட்டி, சில்லை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் முழுவதும் வில்லில் அமர்ந்த பின்னரே இறுக்குதல் முறை. சில நாள் ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மறுமுறை சோதித்துக்கொள்க.

இத்தனையும் பட்டைவில்லுக்கே உரியவை. பிற்காலக் கார்கள் பலவற்றில் உள்ள சுருளிவில் வேறு இனம். அது அமுக்கப்பட்ட நிலையிலேயே உள்ளே பூட்டப்பட்டிருப்பது. கட்டவிழ்ந்தால் எலும்பை முறிக்கும் வேகத்துடன் பாயக்கூடியது. அதனை அமுக்கிப் பிடிக்கும் கருவியும் அதிற் பழகிய கையும் இல்லாதோர் கராஜை நாடுவதே அறிவுடைமை.

வீட்டிலே செய்வதனாற் கூலி மிஞ்சும் என்பது உண்மையே. அதனினும் பெரிய ஆதாயம், கரும்பலகையிற் கண்ட விதியைப் பிள்ளை கண்முன் காண்பது. ஆனால் தந்தை காரின் கீழ் நுழையுமுன் எத்தனை தடவை சரிபார்க்கிறார் என்பதையும் அப்பிள்ளை பார்த்துக்கொண்டே நிற்கின்றது. நாளை அதுவும் அப்படியே செய்யும். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது, முக்கால் தொன் தலைக்குமேல் நிற்கும் இவ்வேலைக்கு முற்றும் பொருந்தும்.