பொற்கொல்லனை யார் விசாரிப்பது?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒன்றைக் கண்டிருப்பர். மாணவர்தம் உள்ளம் மூவரிடத்தே நின்றுவிடும். ஒற்றைச் சிலம்போடு வந்து நின்ற கண்ணகி, தன் பிழை விளங்கிய அப்பொழுதே உயிர் துறந்த பாண்டியன், அவனோடு மாய்ந்த கோப்பெருந்தேவி. அரசியின் சிலம்பைக் கவர்ந்துகொண்டு பழியைக் கோவலன்மேற் சுமத்திய பொற்கொல்லன் என்னவானான் என்று கேட்கும் மாணவன் அரியன். காப்பியத்திலும் அவனை அவையில் நிறுத்தி விசாரித்த காட்சி இல்லை. பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று பலியிட்டான் என்று வருகிறது. ஒருவன் செய்த களவுக்கு ஓர் இனத்தையே வெட்டிய அக்கொடுமையை நீதி என்று எவ்வாறு கூறுவது? களவு செய்தவன் மட்டும் கதையின் நெரிசலில் நழுவி மறைந்துவிடுகிறான்.

1எம்டிபி ஊழலைப் பற்றி நம்மவர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொற்கொல்லன் நினைவே வருகிறது. அரசனை நாம் கண்டுகொண்டோம். அரண்மனையையும் கண்டுகொண்டோம். முன்னாள் பிரதமரோடு தொடர்புடைய இல்லங்களில் 2018-ஆம் ஆண்டு காவல்துறையினர் கைப்பற்றிய 567 கைப்பைகளைப் பற்றி நம் நாளேடுகள் எழுதிய வரிகளைத் தொகுத்தால் ஒரு நூலாகும். ஆனால் அந்தக் கடனை வடிவமைத்தவர் யார், விற்றுக் கொடுத்தவர் யார், அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட கூலி எவ்வளவு என்று கேட்டால், படித்தவர்கள்கூட வாளாவிருக்கின்றனர். கைப்பை கண்ணுக்குத் தெரியும், கடன்பத்திரம் தெரியாது. அந்த அறியாமையே வங்கியின் மூலதனம்.

நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 1எம்டிபி என்னும் அரசு நிறுவனம் 2009-இல் அமைந்தது. நாட்டின் பிரதமரும் நிதியமைச்சரும் அந்நிறுவனத்தின் ஆலோசனை வாரியத் தலைவரும் ஒருவரே. நஜிப் துன் ரசாக். கேட்பவர், கொடுப்பவர், சரிபார்ப்பவர் மூவரும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தனர். அமெரிக்காவின் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி இந்நிறுவனத்துக்காக மூன்று முறை கடன்பத்திரம் வெளியிட்டது. 2012 மே மாதம் 175 கோடி டாலர். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் 175 கோடி. 2013 மார்ச்சில் 300 கோடி. ஆக 650 கோடி டாலர். இதற்கு வங்கி பெற்ற ஊதியம் ஏறத்தாழ 60 கோடி டாலர். நூற்றுக்கு ஒன்பது! அரசு நிறுவனங்களின் கடனுக்கு நூற்றுக்கு ஒன்று கிடைத்தாலே பெரிதென்று மகிழும் தொழில் அது. ஒன்பது பங்கு ஊதியம் எதற்காகத் தரப்படுகிறது என்று அவ்வங்கியில் ஒருவர்க்கும் ஐயம் எழவில்லையாம். நம்புவோர் நம்பலாம்.

ஐயம் எழாமல் இல்லை என்பதே உண்மை. இந்தக் கடன்களுக்குப் பின்னணியில் இயங்கிய ஜோ லோ என்னும் இடைத்தரகரைத் தம் வாடிக்கையாளராக ஏற்பதற்கு அவ்வங்கியின் கண்காணிப்புப் பிரிவினரே மறுத்திருந்தனர். அவருடைய செல்வம் எவ்வழி வந்தது என்பது விளங்கவில்லை என்பது காரணம். முன்வாயிலில் தடுக்கப்பட்டவர் பின்வாயில் வழியே நுழைந்து ஒரு நாட்டையே வாடிக்கையாளராக்கிக் கொடுத்தார். அமெரிக்க நீதித்துறையின் கணக்குப்படி, அந்த 650 கோடியில் 270 கோடி டாலருக்கு மேல் தடம் மாறிப் போயிற்று.

இனி ஆசிரியப் பெருமக்கள் நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 2013 மார்ச்சில் மூன்றாம் கடன். அதே மார்ச்சில் சிங்கப்பூரிலிருந்த ஒரு வங்கிக் கிளையின் வழியே 68.1 கோடி டாலர் பிரதமரின் சொந்தக் கணக்கில் வந்து விழுகிறது. ஏப்ரல் 3-ஆம் நாள் நாடாளுமன்றம் கலைக்கப்படுகிறது. மே 5-ஆம் நாள் பதின்மூன்றாம் பொதுத்தேர்தல். ஆளுங்கூட்டணிக்கு நூற்றுக்கு 47 வாக்கு. ஆயினும் 222 இடங்களில் 133 அதன் கைக்கு வந்தன. ஆகஸ்டில் 62 கோடி டாலர் வந்த வழியே அயல்நாட்டுக்குத் திரும்பிச் செல்கிறது. இவையெல்லாம் நடந்து ஈராண்டுகள் கழித்து, 2015 ஜூலையில், ஓர் அமெரிக்க நாளேடு எழுதிய பின்னரே நாம் அறிந்தோம். வாக்களித்த நாளன்று நம்மில் எவர்க்கும் தெரியாது.

சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை அது என்று 2016 ஜனவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் அறிவித்து வழக்கை மூடினார். மூன்றாம் கடன்பத்திரப் பணமே அது என்று அமெரிக்க நீதித்துறை அதே ஆண்டில் தடம் காட்டிற்று. அரபு நன்கொடைக் கதையை ஏற்க மறுத்து 2025 டிசம்பரில் உயர்நீதிமன்றம் முன்னாள் பிரதமரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 2022 ஆகஸ்டிலிருந்து, வேறொரு வழக்கில் அவர் சிறையில் இருந்தார். அரசனின் வழக்கு அவ்வாறு நடந்தது. அதில் நமக்குக் குறையில்லை.

என் குறை வேறு. "நன்கொடை" என்ற அந்த ஒரு சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அரசியல் நன்கொடை என்று கூறியதும் நாடே வியப்படைந்ததே அன்றிக் கட்சி பெறும் நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் எது என்று எடுத்துக்காட்ட எவராலும் இயலவில்லை. இருப்பது 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம். அதன்படி நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் வெள்ளிக்கு மேலும் சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் வெள்ளிக்கு மேலும் செலவிடலாகாது. ஆனால் அவ்வரம்பு வேட்பாளர்க்கு மட்டுமே உரியது. கட்சி எவ்வளவு செலவிட்டாலும் கணக்கு இல்லை. எவர் கொடுத்தார் என்று சொல்லவேண்டிய கடமையும் இல்லை. கொசுவைத் தடுக்க வலை கட்டிவிட்டு யானைக்குக் கதவைத் திறந்து வைத்த கதை இது. 2013-இல் இந்நிலை. ஆட்சியையே மாற்றிய 2018 தேர்தலிலும் இந்நிலையே. 2022 தேர்தலிலும் இதே நிலைதான். தூய ஆட்சி தருவோம் என்று முழங்கியவர்களும் இந்தக் கதவை மூடாமலே வாக்குக் கேட்டு வந்தனர்.

கடன் கொடுப்பவனை அரசு அடக்க இயலாது என்று சிலர் கூறுகின்றனர். உலகப் பெருவங்கிகளின் முன் சிறிய நாடு என்ன செய்யும் என்பது அவர்கள் வாதம். நம் சமுதாயத்தின் வரலாறே இதற்கு விடை கூறும். மலாயாவில் தோட்டத்துக்கும் கடைக்கும் கடன் கொடுத்தவர்கள் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். கிட்டங்கியில் பாயை விரித்துப் பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதிய மக்கள் அவர்கள். மலாய்க் குடியானவரின் நிலம் கடனுக்காகக் கைமாறிப் போகிறது என்று கண்ட ஆங்கில அரசு, 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தின் மூலம் அந்நிலத்தை மலாயர் அல்லாதார்க்கு ஈடு வைப்பதையே தடுத்துவிட்டது. செட்டியார்கள் முறையிட்டும் பயனில்லை. அச்சட்டத்தின் மற்ற நன்மை தீமைகளை இங்கே நான் ஆராயவில்லை. கடன் கொடுப்போன் ஆட்சியாளரின் தேர்தல் செலவை ஏற்காதபோது, அவனை அடக்க அரசுக்கு ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும் என்பதையே சுட்டுகிறேன்.

அப்படியானால் அமெரிக்காவின் வங்கியை அமெரிக்க அரசு அடக்கவில்லையா? அவ்வங்கியின் தாய்நாடு அது; வல்லரசு வேறு. அங்கே நடந்ததையும் பார்ப்போம். மக்களின் வைப்புத்தொகையைக் கொண்டு பங்குச்சந்தையில் சூதாடக் கூடாது என்று 1933-இல் அங்கே ஒரு சட்டம் எழுந்தது. கோல்ட்மன் சாக்ஸின் முன்னாள் இணைத்தலைவர் ராபர்ட் ரூபின் 1995 முதல் 1999 வரை நிதியமைச்சர். 1998-இல் சிட்டிகார்ப், டிராவலர்ஸ் என்னும் இரு பெரு நிறுவனங்கள், அச்சட்டம் உயிரோடு இருக்கும்போதே, அது மாறும் என்ற துணிவில் இணைந்து சிட்டிகுரூப் ஆயின. 1999 நவம்பரில் சட்டத்தின் அத்தடை நீக்கப்பட்டது. ரூபினோ பதவி விலகி, அதற்கு முந்திய மாதமே அந்தச் சிட்டிகுரூப்பில் சேர்ந்திருந்தார்! 2006-இல் நிதியமைச்சரான ஹென்றி பால்சன் யார்? அதுவரை கோல்ட்மன் சாக்ஸின் தலைவராய் இருந்தவர். 2008-இல் வங்கிகள் சரிந்தபோது 70,000 கோடி டாலர் மக்கள் பணத்தைக் கொண்டு தாங்கும் திட்டத்தை வகுத்தவர் அவரே. கோல்ட்மன் சாக்ஸுக்கு அதில் 1,000 கோடி கிடைத்தது. பின்னர் அது திருப்பித் தந்தது என்பதையும் கூறிவிடுகிறேன்.

ரூபின் ஒரு கட்சியின் ஆட்சியில் அமைச்சர். பால்சன் மறு கட்சியின் ஆட்சியில். 2008 தேர்தலில் அவ்வங்கியின் பணியாளர்கள் ஒபாமாவுக்கு வாரி வழங்கினர். நிதித்துறையைக் கட்டுப்படுத்த 2010-இல் அவர் ஒரு சட்டம் இயற்றினார். 2012 தேர்தலில் அவர்களுடைய பணம் எதிர்வேட்பாளர் ரோம்னியின் பக்கம் போயிற்று. அதே 2010-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், நிறுவனங்கள் தேர்தல் பரப்புரைக்குத் தனித்து எவ்வளவு வேண்டுமானாலும் செலவிடலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. இங்கே இருட்டில் நடந்த வேலை அங்கே பட்டப்பகலில், சட்டத்தின் துணையோடு நடக்கிறது. நம் நாட்டில் குற்றவாளியைச் சிறைக்கேனும் அனுப்ப முடிந்தது. அவர்கள் நாட்டில் குற்றம் என்ற பெயரே இல்லை.

இனிப் பொற்கொல்லனின் தண்டனைக்கு வருவோம். இரண்டொரு பணியாளரின் தவறு என்று முதலில் வங்கி கூறிற்று. அவ்விருவரில் ஒருவர் 2018-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மற்றவர் 2022-இல் குற்றவாளியாகத் தீர்ப்பிடப்பட்டார். 2020 ஜூலையில் நம் அரசோடு 390 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு. அதில் 250 கோடி ரொக்கம், எஞ்சியது மீட்கப்படும் சொத்துக்கு உறுதி. உடன்பாட்டின்படி நம் நீதிமன்றத்திலிருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அக்டோபரில் அமெரிக்காவில் 290 கோடி டாலர் தண்டம். அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டது மலேசியக் கிளை நிறுவனம். தாய் நிறுவனத்தின்மீதான வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. நிறுவனத்தின் தோல்வியே இது என்று இயக்குநர் குழு அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2021-இல், அவ்வங்கியின் இலாபம் 2,160 கோடி டாலரைத் தாண்டிற்று. தண்டம் கட்டிய கை சற்றே நனைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

"பணத்தைத்தான் திருப்பித் தந்துவிட்டார்களே, இன்னும் என்ன?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. பணம் வந்தது, தேர்தல் திரும்பி வந்ததா? 2013 மே 5-இல் நாம் எந்த விவரமும் அறியாமல் போட்ட வாக்குகளை எந்த உடன்பாடு திருப்பித் தரும்? 2013 அக்டோபரில் சர்க்கரைக்கான உதவித்தொகை நின்றது. 2014 டிசம்பரில் எரிபொருளுக்கு நின்றது. 2015 ஏப்ரலில் நூற்றுக்கு ஆறு பொருள் சேவை வரி வந்தது. இவையனைத்துக்கும் அந்தக் கடனே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றைச் செய்யும் உரிமையை அந்தத் தேர்தலே அவ்வரசுக்கு அளித்தது.

2018 மே மாத இறுதியில் நம்பிக்கை நிதி என்று ஒரு நிதியை அரசு தொடங்கியதே, நினைவிருக்கிறதா? நாட்டின் கடனை அடைப்பதற்கு மக்கள் தாமே முன்வந்து கொடுத்தார்கள். உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பிள்ளைகள் உண்டு. சேர்ந்த தொகை ஏறத்தாழ 20 கோடி வெள்ளி. அக்கொடையைக் கண்டு நெகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். வங்கி எடுத்த 60 கோடி டாலர் கூலியோ, 2013-இன் மாற்று விகிதப்படி 180 கோடி வெள்ளிக்கு மேல். அதில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் ஒரு நாட்டு மக்கள் கண்ணீரும் பெருமையுமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

வங்கியே வேண்டா என்பது என் கட்சி அன்று. கடனின்றிப் பள்ளியும் இல்லை, பாலமும் இல்லை. அரசு நிறுவனம் எடுக்கும் ஒவ்வொரு கடனின் வட்டியும் தரகும் கையெழுத்தாகுமுன் நாடாளுமன்றத்தின் முன் வரட்டும். கட்சிக்குக் கொடுப்பவர் பெயர் வாக்களிப்பு நாளுக்கு முன்பே வெளிவரட்டும். நிதியமைச்சிலிருந்து வங்கிக்கும் வங்கியிலிருந்து நிதியமைச்சுக்கும் நேரே நடந்து செல்லும் பாதைக்குச் சில ஆண்டு இடைவெளி வைக்கட்டும். அடுத்த தேர்தலில் நம் வீட்டு வாயிலுக்கு வரும் வேட்பாளரிடம், சாலைக்கும் கோயிலுக்கும் என்ன தருவீர் என்று கேட்பதற்கு முன்னர், உம் கட்சிக்கு யார் தருகிறார் என்று கேட்போமாக. அவர் முகம் மாறுவதைக் கண்டு அஞ்ச வேண்டா.

அந்த மூன்றாம் கடன் பத்தாண்டுத் தவணை கொண்டது. 2023 மார்ச்சில் முதிர்ந்தபோது நம் அரசு 300 கோடி டாலரைக் கட்டித் தீர்த்தது. கடன் வாங்கிய ஆண்டில் தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த மாணவனுக்கு அப்போது இருபது வயது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் அவன் தன் முதல் வாக்கைப் போட்டிருந்தான்.