லத்தீனும் ‘தகுதி’யும்

தமிழ் எம்.ஏ. படித்தவன் நான், பழைய மொழிக்குப் பகையாளி இல்லை. சண்டை, அதை வாசல்படியாக்குவதோடுதான். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கென நடந்த எஸ்.ஏ.டி. லத்தீன் தேர்வை 2021இல் நிறுத்தினார்கள். ஏ.பி. லத்தீன் இன்னும் நடக்குது. ‘தகுதி இருந்தா எழுதட்டுமே’ங்கிறாங்க. எது தகுதி? வர்ஜிலை வேற்றுமை பிரித்து வாசிக்க வருசக்கணக்கில் வாத்தியார் வேணும். லத்தீன் வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்துக் கறுப்புப் பிள்ளை எதை வைத்துத் தயாராகும்? அடிமையாய்ப் பிறந்து, ஒளிஞ்சு எழுத்துக் கற்ற வில்லியம் ஸ்கார்பரோ 1881இல் கிரேக்கப் பாடநூலே எழுதினார். அவரைக் காட்டி நமக்கு உபதேசம் வேண்டாம். சமஸ்கிருதம் மறுக்கப்பட்டு, பள்ளியில் பாரசீகம் படித்தாரே அம்பேத்கர், அவருக்கென்ன தகுதிக் குறைச்சலா? முதல்ல வாத்தியாரைப் போடுங்கய்யா, அப்புறம் வினாத்தாளை நீட்டுங்க.