சிவப்புக் காய்

பொல்பிட்டிய மின்நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள தேத்தண்ணிக் கடையில் அந்தியானால் கரம் ஆட்டம் களைகட்டும். தோட்டத்துப் பொடியன்களுக்கு எதிரே ஒரு முன்னாள் சிப்பாய் உட்கார்ந்திருப்பார். வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். இடது கையால் சுண்டப் பழகிக்கொண்டார். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது நடுங்குகிற அந்தக் கை, சிவப்புக் காய்க்குக் குறி வைக்கும்போது மட்டும் நடுங்குவதில்லை. விளையாட்டையே வைத்தியமாகத் தருவதற்கென்று தனியாகப் படித்தவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒருவரை நான் கண்டதில்லை. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படையினரின் கையில் வில்லைக் கொடுத்தார். பராலிம்பிக்கின் விதை அதுதான். அந்தப் பராலிம்பிக்கில் 2021இல் ஈட்டியை 67.79 மீட்டர் எறிந்து இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்த தினேஷ் பிரியந்த ஹேரத்தும் நம் நாட்டு உள்நாட்டுப் போரில் கை அடிபட்ட சிப்பாய்தான். அவருக்காக நானும் கைதட்டினேன், மனதாரத்தான். ஆனால் அதே போரில் காலும் முதுகும் போய், வன்னியில் திண்ணையோடு கிடக்கிற நம் பிள்ளைகள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்கள். ராகமையில் படையினருக்கு ரணவிரு செவன என்ற புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது, இருக்கட்டும். இவர்களுக்கும் ஒரு கரம் பலகையும், எதிரே வந்து உட்கார ஓர் ஆளும் வேண்டும்.