மாத்திரைக்கும் பத்தியமுண்டு

நம் நாட்டு மருத்துவர் மருந்து கொடுக்குங்கால் இரண்டு செய்திகளைக் கூறாது விடார். ஒன்று அனுபானம், மற்றொன்று பத்தியம். தேனிற் குழைத்துண்க, வெந்நீரிற் கலந்துண்க, புளி நீக்குக என்றெல்லாம் அவர் விதித்தவற்றை நம் பாட்டிமார் பிறழாது காத்தனர். ஆங்கில மருத்துவம் வந்தபின், வெள்ளை மாத்திரைக்குப் பத்தியமில்லை என்றோர் எண்ணம் நம்மவரிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது. அது பிழைபட்ட எண்ணம் என்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

சென்ற விடுமுறையில் யாம் ஓசூரில் எம் மாமா இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். அவர் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். ஓசூரோ தமிழகத்தின் எல்லைவாயில். சிறிது தொலைவில் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூர். அதன் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் எந்நாளும் ஒலிக்கும். சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தபின் இந்தியும் ஒடியாவும் அவற்றோடு சேர்ந்துகொண்டன.

ஒருநாள் காலை மாமாவோடு ஒரு மருந்துக்கடைக்குச் சென்றிருந்தோம். ஒடிசாவின் கோராபுட்டுப் பக்கத்திலிருந்து வந்து ஆலையொன்றிற் பணிசெய்யும் இளைஞரொருவர், எம் வயதே இருக்கும், கையில் இருவகை மாத்திரைகளோடு அங்கு நின்றார். ஊருக்குச் சென்று திரும்பியவருக்குக் குளிர்சுரம். குருதிச்சோதனையில் வைவாக்ஸ் மலேரியா என்று கண்டு, குளோரோகுயினும் பிரைமாகுயினும் கொடுத்திருந்தனர். முதல்நாள் மாத்திரைகளை வெறுவயிற்றில் விழுங்கியமையால் நெஞ்செரிகின்றதெனச் சைகையாற் காட்டினார். கடைக்காரர் இளஞ்சிவப்பு நிறமுடைய வயிற்றுமருந்துப் புட்டியொன்றை எடுத்து நீட்டி, மாத்திரையோடு சேர்த்தே குடித்துவிடுமாறு கூறினார். அவரிடம் தீய எண்ணம் சிறிதுமில்லை, இரக்கமே இருந்தது.

அவ்விரக்கமே மருந்துக்குப் பகையாவதைக் காண்க. அத்தகைய குழம்புகளில் அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்த பொருள்கள் உள்ளன. அவை இரைப்பையின் புளிப்பைத் தணிப்பதோடு நில்லா. மக்னீசிய டிரைசிலிகேட்டு என்பது குளோரோகுயினைத் தன் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒட்டியது குருதியிற் சேராது மலத்தோடு கழியும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் கயோலின் என்னும் வெண்களிமண்ணும் அத்தகையதே. 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், உடல்நலமுடைய ஆறுபேருக்கு இவற்றைக் குளோரோகுயினோடு சேர்த்துக் கொடுத்தபோது, குருதியிற் சேர்ந்த மருந்து முன்னதால் ஏறக்குறைய 18 சதவீதமும், பின்னதால் 29 சதவீதமும் குறைந்தது.

ஆறுபேர் கணக்கும் ஒரு கணக்கா என்று எம் விலங்கியல் நண்பர் நகைத்தார். நகைக்கட்டும். வளர்ந்தவர்க்கு விதித்த குளோரோகுயின், முதலிரு நாளும் நந்நான்கு, மூன்றாம்நாள் இரண்டு, ஆகப் பத்தே மாத்திரை. அப்பத்தில் இரண்டைக் குப்பையில் எறிக என்று எந்த மருத்துவரும் சொல்லார். இவ்விரு மருந்துக்குமிடையே நான்கு மணி நேரமேனும் கழிய வேண்டுமென்பது மருந்துநூலார் விதி.

நம் பாட்டனார் அறிந்த கொயினாவும் இதற்கு விலக்கன்று. அலுமினியம் கலந்த வயிற்றுமருந்து அதனைத் தாமதப்படுத்தும், குறைக்கவுங்கூடும். சிலவகை மலேரியாவுக்குக் கொயினாவோடு கொடுக்கும் டாக்சிசைக்கிளின் இவ்வுலோகங்களோடு பிணைந்து பயனிழக்கும். சிமெடிடின் என்னும் வயிற்று மாத்திரையோ நேர்மாறானது. குளோரோகுயின் உடலினின்று நீங்குவதைத் தடுத்துத் தேக்கிவிடும். 'கேஸ் மருந்து' என்று ஒரே பெயரால் நாம் வழங்குவனவெல்லாம் ஓரினத்தன அல்ல.

அங்ஙனமாயின் நெஞ்செரிச்சலைப் பொறுத்துக்கொள்க என்கின்றோமா? இல்லை. எரிச்சலுக்கு அஞ்சி மாத்திரையை இடையில் நிறுத்துவது பெருங்கேடு. வைவாக்ஸ் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து, திங்கள் பல கழிந்தும் எழும் இயல்பினது. அதனை ஒழிக்கவே பிரைமாகுயினைப் பதினான்கு நாள் உண்ணச் சொல்கின்றனர். இவ்விரு மாத்திரைகளையும் உணவுக்குப்பின் உண்டால் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் தணியும். புட்டியை எடுக்குமுன், "சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கலாம். நம் வீடுகளில் வந்தவரையெல்லாம் முதலிற் கேட்கும் கேள்விதானே அது!

தமிழகத்தில் மலேரியா அருகிவிட்டதே, இத்துணை கவலை எதற்கு என்பார் உளர். அருகியதனாலேயே கடைக்காரர் அதன் அனுபானத்தை மறந்தனர். நோயுற்றோர் குருதியிற் கிருமி எஞ்சினால், கட்டடவேலை நடக்குமிடத்துத் தொட்டிகளிலும் மாடித்தொட்டிகளிலும் வளரும் அனாபிலிஸ் கொசு அதனைப் பிறர்க்குக் கொண்டுசெல்லும். 2030 ஆம் ஆண்டிற்குள் மலேரியாவை ஒழிப்பதென நம் நாடு குறித்துள்ளது. அவ்வொழிப்பு கடைப்பலகையண்டைத் தவறக்கூடாது.

தமிழ் பயிலும் எமக்கு இதில் என்ன வேலை? உண்டு. மாத்திரையட்டையில் உள்ள எழுத்து ஆங்கிலம். அதுவும் எறும்பின் கால்போன்றது. உணவுக்குப்பின், நான்கு மணி கழித்து என்னும் இரண்டு தொடர்களைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா மொழிகளில் அச்சிட்ட சிறு துண்டுத்தாள் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் இருத்தல் வேண்டும். பொருட்பெயர்களை வேதியியலார் தரட்டும். மொழியை யாம் தருவோம். நம் கல்லூரிச் சங்கங்கள் இரண்டும் ஒருநாள் மாலை கூடினால் முடியும் வேலை இது.

அன்று மாமா தமக்குத் தெரிந்த இந்தியில் செய்தியை விளக்கி, நான்கு விரல்களைக் காட்டினார். கடைக்காரர் முகஞ்சுளியாது எழுதுகோலை எடுத்தார். இரவுமுறை முடிந்து ஏழு மணிக்கு உண்டு மாத்திரை விழுங்கினால், குழம்பு பதினொரு மணிக்கு என்று கணக்கிட்டார். அப்பொழுது தாம் உறங்குவாரென்றார் இளைஞர். மூவரும் சிரித்தனர். புட்டி அலமாரிக்கே திரும்பியது. இளைஞர் எதிர்க்கடையில் இட்லி வாங்கச் சென்றார்.