வால் முறுக்கிய கம்ப்யூட்டர்

வண்டி மாடு வேகமாகப் போகவேண்டும் என்றால் வாலை முறுக்குவார்கள். கம்ப்யூட்டருக்கு அதே உபசாரத்தைச் செய்தால் அதற்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். கம்பெனிக்காரன் 'இவ்வளவுதான் ஓடும்' என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த வேகத்தை, மதர்போர்டின் பயாஸுக்குள் புகுந்து நாமே ஏற்றுவது. மாடு என்றால் உதைக்கும். கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

இந்தக் கலைக்குப் பொற்காலம் 1998. இன்டெல் அந்த வருஷம் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு சிப் விட்டது. பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், 300-இல் ஓட வேண்டியது 450-இல் பறந்தது. சில பேருடைய சிப் 100-க்கு மசியவில்லை. சரி, நடுவாந்திரமாக 83 என்று வைத்தார்கள். அங்கேதான் வினை. ஹார்ட் டிஸ்க் பேசும் பிசிஐ பாதைக்கு 33 மெகாஹெர்ட்ஸ்தான் பழக்கம். 66-இல் பாதி 33. 100-இல் மூன்றில் ஒரு பங்கு 33. ஆனால் பல போர்டுகளில் 83 வைத்தால் பாதி, அதாவது 41.5! பிராசஸர் சமர்த்தாக ஓடும், டிஸ்க்கில் எழுதியது கெட்டுப்போகும். அடி ஒருத்தனுக்கு, அழுகை இன்னொருத்தனுக்கு.

இப்போது அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லைகள் உண்டு. பெரம்பலூரில் என் தங்கை மகன் போன் செய்தான்.

"மாமா, 4.2 கிகாஹெர்ட்ஸ் மெஷினை 4.8 ஆக்கிட்டேன். ராத்திரி நல்லா ஓடுது. மத்தியானம் தானா ரீஸ்டார்ட் ஆவுது."

"கடையில காட்டினியா?"

"விண்டோஸ் போயிடுச்சுன்னு மூணு தடவை ஃபார்மட் பண்ணிட்டாங்க."

நம் ஊர்களில் கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் வந்தாலும் ஃபார்மட்தான்.

"வோல்டேஜ் எவ்வளவு வெச்சே?"

"1.2 இருந்தது. 1.35 ஆக்கினேன்."

கணக்குப் பாருங்கள். சிப்பின் சூடு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் கூடியது சுமார் 14 சதம். சூடு கூடியது சுமார் 45 சதம்! இந்த 4.8-ஐச் செய்து காட்டிய வெளிநாட்டு ஆசாமி 22 டிகிரி ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பான். பெரம்பலூர் மே மாத மத்தியானம் 40 டிகிரி. எப்பேர்ப்பட்ட ஃபேனும் அறைக் காற்றைத்தான் அள்ளி வீசும், ஊட்டியிலிருந்து வரவழைக்காது. இங்கே ஆரம்பிக்கும்போதே 18 டிகிரி கடன்.

அரியலூரில் அவனுடைய சிநேகிதன் மெஷினுக்கும் இதே வியாதி. வீடு சுண்ணாம்புக்கல் லாரி போகிற சாலையில். சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர். மூடியைத் திறந்தால் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. பிரஷ்ஷால் தட்டியதுமே பாதி குணம்.

தங்கை மகனுக்கு நான் சொன்ன வைத்தியம்: முதலில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோ. பயாஸுக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ரூபாய்க் காசு மாதிரி இருக்கும் பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வை. பழைய வேகத்திலும் படுத்தால் குற்றவாளி ஓவர்க்ளாக்கிங் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸையும் ராமையும் விசாரி. நன்றாக ஓடினால் ஒன்றொன்றாக ஏற்று. ராமின் எக்ஸ்எம்பியும் ஓவர்க்ளாக்கிங்தான், பெயர்தான் கௌரவம். அதை அணைத்துவிட்டு பிராசஸரை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, பிரைம்95 ஓடவிட்டு, சூட்டைப் பார். வேலை கொடுத்த அடுத்த கணமே ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் மின்சாரச் சமாசாரம். பத்து நிமிஷம் கழித்து என்றால் சூடு. ராமுக்குத் தனியாக ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86. இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் யார் திருடன் என்று தெரியவே தெரியாது.

"ஒரே ஒரு எரர்தான் மாமா வந்துச்சு, பரவால்லையா?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் மைத்துனர் பத்திர எழுத்தர். நிலக் கிரயம், பாகப்பிரிவினை எல்லாம் அதே மெஷினில் டைப் ஆகிறது. கம்ப்யூட்டர் பாஷையில் '1' என்பது 00110001. '3' என்பது 00110011. நடுவே ஒரே ஒரு பிட் வித்தியாசம். ராமில் அந்த ஒன்று புரண்டால், நீலத்திரையும் வராது, மணியும் அடிக்காது. சர்வே நம்பர் 141 என்பது 143 ஆகிவிடும். யாரும் கவனிக்காமல் கையெழுத்தும் விழுந்துவிட்டால், அடுத்தவன் காட்டை விற்ற மாதிரி. பிழை திருத்தல் பத்திரம் எழுத மறுபடி ஆபீஸ் படியேற வேண்டும். ரீஸ்டார்ட் ஆகிற மெஷின் யோக்கியன். வாயை மூடிக்கொண்டு தப்பு பண்ணுகிறதே, அதுதான் ஆபத்து.

விஷயத்தை மைத்துனரிடமும் சொன்னேன். அவருக்கு கிகாஹெர்ட்ஸ் புரியவில்லை, சர்வே நம்பர் புரிந்தது. பத்திரங்கள் அன்றைக்கே பென் டிரைவில் ஏறின. பையன் வோல்டேஜை இறக்கி 4.4-இல் நிறுத்தி, எக்ஸ்எம்பியையும் அணைத்து, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டியிருக்கிறான். எரர் பூஜ்யம்.

"4.4-னா கம்மியா இருக்கே மாமா. காலேஜ்ல என்ன சொல்றது?"

"4.8-னே சொல்லிக்கோடா. யார் வந்து பார்க்கப் போறா?"